இடது ஓரத்துக் கோடு

அத்தியாயம் 3

துப்பறியும் நிபுணர் சக்கரபாணி ஐந்து நாட்களாக ஒரே ஒரு போன் அழைப்புக்காகக் காத்திருந்தார். போன் அடிக்கத்தான் செய்தது. ஒருமுறை கேஸ் ஏஜென்சி, ஒருமுறை இன்ஷூரன்ஸ் பெண், மூன்று முறை அவருடைய மனைவி ஆதிலட்சுமி. கூப்பிட வேண்டிய மருதாசலம் மட்டும் கூப்பிடவில்லை.

மருதாசலத்தை அவர் சந்தித்தது போன வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, மந்தாரக்குப்பத்தில் வெண்தாழை மருத்துவமனை வாசல் டீக்கடையில். கல்யாண விஷயமாக ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும், நம்பர் கொடுங்கள், யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் அந்த மனிதர். சக்கரபாணியும் நம்பரை எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் யோசிக்கிற மனிதர் பெரிய இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

தேற்றிக்கொள்வதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. முப்பது வருடம் சுரங்க வாசலில் கேட் பாஸ் சரிபார்த்துவிட்டு, ரிட்டயர் ஆன மறுமாதமே டிடெக்டிவ் ஏஜென்சி ஆரம்பித்தவர். இதுவரை எட்டு வழக்குகள். ஐந்து கல்யாண விசாரணை, இரண்டு சைக்கிள், ஒன்று காணாமல் போன மாமனார். அந்த மாமனார் தானாகவே பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டதால் அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்திருந்தார்.

ஆபீஸ் என்பது சுரங்கத்து டவுன்ஷிப் மெயின் பஜாரில் ஆசிஃபாவின் 'நூர் ஜெராக்ஸ் அண்ட் பிரௌசிங்' கடையின் பின்னறை. ஆசிஃபாதான் உதவியாளர், டிரைவர், டைப்பிஸ்ட், விமர்சகர். ஏஜென்சியில் சக்கரபாணிக்கு உண்மையான கர்வம் தந்த ஒரே பொருள் லெட்டர்ஹெட். மேலே பெயர், கீழே முகவரி, இடது ஓரத்தில் உச்சி முதல் அடிவரை ஓடும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. ஆசிஃபாவுக்கு வாய் நீளமானாலும் ரசனை உண்டு என்பதற்கு அந்தக் கோடே சாட்சி என்று ஆதிலட்சுமியிடம் கூடச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. மருதாசலம் அல்ல. வெண்தாழை மருத்துவமனை மேனேஜர் கருணாகரன்.

"சார், உடனே வாங்க. டேட்டா வெளிய போயிடுச்சு."

ஆசிஃபாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சக்கரபாணிக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது. காரணம் உண்டு. போன வியாழக்கிழமை அந்த மருத்துவமனையில் ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. காலையில் தொற்றுத் தடுப்பு வகுப்பை எடுத்தது வீரம்மாள் சிஸ்டர். மத்தியானம் தகவல் பாதுகாப்பு வகுப்பு எடுத்த சிறப்பு விருந்தினர் யார் என்றால், சாட்சாத் சக்கரபாணியேதான். காலை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டு, மத்தியானம் எழுந்து பிரமாதமாகப் பேசினார். இருபத்து மூன்று பேரையும் ஆளுக்கொரு பயிற்சித்தாளில் பெயர், லாகின் நம்பர், பாஸ்வேர்டு மூன்றையும் எழுதச் சொல்லி, பாஸ்வேர்டு எவ்வளவு கெட்டி என்று பத்துக்கு மார்க் போட்டார். பாதிப் பேர் குவார்ட்டர்ஸ் நம்பரையே வைத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் இரண்டு மார்க். ஒரே ஒருத்திக்கு மட்டும் ஒன்பது.

அந்த ஒன்பது மார்க்காரிதான் இப்போது கருணாகரனின் அறையில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். பெயர் மணிமொழி. சேத்தியாத்தோப்புப் பக்கம். நாலு வருடமாக கான்ட்ராக்ட் நர்ஸ்.

கருணாகரன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வளையமாதேவியைச் சேர்ந்த இளவேனில் என்கிற பெண் இங்கே ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டுப் பூரணமாகக் குணமானவள். டவுன்ஷிப் இருபத்தோராம் பிளாக்கில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டு கேட்டில் யாரோ ஒரு கவரைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இளவேனிலின் ரிப்போர்ட். நிச்சயம் நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா நேற்று அந்தத் தாளோடு வந்து, ஒரு வார்த்தை கத்தாமல், மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"வியாழக்கிழம சாயந்திரம் அஞ்சு இருபதுக்கு ஃபைல் தொறந்திருக்கு. நம்ம வெப்சைட் வழியா, வெளியிலேர்ந்து. லாகின் மணிமொழியோடது. எந்த எடத்துலேர்ந்துன்னு சொல்ல, சாஃப்ட்வேர் போட்ட சென்னைக் கம்பெனி ஒரு வாரம் கேக்குறான். என்கொயரி இன்னைக்கு நாலு மணிக்கு."

"அஞ்சு இருபதுக்கு நான் கை கழுவிகினு இருந்தேன் சார்" என்றாள் மணிமொழி. "மொத்த வார்டும் பாத்துது. வீரம்மாள் சிஸ்டர் ப்ராக்டிகல் வச்சாங்க. வீடியோ கூட இருக்குது."

"நீ தொறந்தேன்னு நான் சொல்லலம்மா. உன் பாஸ்வேர்ட நீ யாருக்கோ கொடுத்திருக்க. ரூல்படி ரெண்டும் ஒண்ணுதான்." கருணாகரன் சக்கரபாணி பக்கம் திரும்பினார். "யாரும் யூகிச்சிருப்பாங்கன்னும் சொல்ல முடியாது. யூகிக்கவே முடியாதுன்னு சாரே ஒம்போது மார்க் போட்டிருக்காரு."

சக்கரபாணி அடக்கமாகத் தலையசைத்தார். தான் போட்ட மார்க் ஒரு மருத்துவமனையின் விசாரணையில் சாட்சியாக நிற்கிறது. கேட் பாஸ் பார்த்த காலத்தில் இந்த மரியாதை கிடைத்ததில்லை. அந்தச் சாட்சி யார் கழுத்தை அறுக்கிறது என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

"என்கொயரி முடிஞ்சதும் உங்க ஆர்டரும் ரெடி சார்" என்றார் கருணாகரன். "வருஷா வருஷம் இந்த வகுப்பு நீங்கதான்."

மேஜைமேல் இருந்த அந்தத் தாளை சக்கரபாணி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இளவேனிலின் பெயர், வயது, மாத்திரை விவரம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, நடுவே ஓரிடத்தில் அரை விரல் அகலம் அறுந்து.

"லேசர் பிரிண்டர்" என்றார் குரலைத் தாழ்த்தி. "உள்ள டிரம்முல கீறல். இந்தக் கோடு குற்றவாளியோட கைரேகை மாதிரி. பிரிண்டரக் கண்டுபுடிச்சா ஆள் மாட்டுவான்."

கருணாகரன் அசந்துபோனார். மணிமொழி முகத்தில் முதல்முறையாக ஒரு நம்பிக்கை தெரிந்தது. ஆசிஃபா எட்டிப் பார்த்தாள். சக்கரபாணி தாளைச் சட்டென்று பழுப்பு கவரில் போட்டு மூடினார்.

"காட்டுங்க சார். ஒரு செகண்ட்."

"நோயாளி விவரம், ஆசிஃபா. சம்பந்தமில்லாதவங்க பாக்கக் கூடாது. வகுப்புல நான்தான சொல்லிக் கொடுத்தேன்."

"ஜெராக்ஸ் கடைக்காரி சார் நான். இந்த ஊர்ல பாதிப் பேரு ரிப்போர்ட் என் மெஷின் கண்ணாடி மேல குப்புறப் படுத்திருக்கு. நான் ஒண்ணுகூடப் படிச்சதில்ல. எனக்கு பிரிண்டர் தெரியும், அந்தக் கோட்ட மட்டும் காட்டுங்க."

"முடியாது. கொள்கை."

மருத்துவமனையிலேயே வேட்டை ஆரம்பமானது. வரவேற்பறை, மருந்துக்கடை, பில் பிரிவு. மூன்று பிரிண்டரிலும் ஒரு வெள்ளைத்தாளை ஓட்டிப் பார்த்தார். மூன்றும் கண்ணாடி மாதிரி சுத்தம். லேப் வாசலில் வீரம்மாள் சிஸ்டர் குறுக்கே நின்றாள்.

"கை கழுவிட்டு உள்ள வாங்க."

சக்கரபாணி குழாயைத் திறந்து இரண்டு கையையும் ஒன்றோடொன்று ஒருமுறை தேய்த்தார். வீரம்மாள் சிஸ்டர் ஒரு கையடக்க நீல விளக்கை எடுத்து அவர் கையில் அடித்தாள். கை சரியாகக் கழுவினார்களா என்று காட்டிக்கொடுக்க வியாழக்கிழமை ப்ராக்டிகலுக்கு வாங்கிய கண்ணுக்குத் தெரியாத பொடி அந்தக் குழாய்ப் பிடியில் இன்னும் ஒட்டியிருந்தது போலும். அவருடைய விரல் இடுக்கெல்லாம் பச்சையாக மின்னியது. யோசிக்கும்போது தடவும் பழக்கம் இருந்ததால் மீசையும் மின்னியது.

"ஏழு ஸ்டெப் சார். நீங்க ஒண்ணுகூடப் பண்ணல."

"சாருக்கு மீசையில சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் ஆசிஃபா. "ராத்திரி டூட்டிக்கு டார்ச்சே வேணாம்."

லேப் பிரிண்டரும் சுத்தம். வெளியே வந்து டீ குடித்தபின் காகிதக் கோப்பையோடு நான்கு குப்பைத் தொட்டிகளின் முன்னால் நின்றார். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. எதில் எது என்பதை வீரம்மாள் சிஸ்டர் காலை வகுப்பில் விலாவாரியாகச் சொல்லியிருப்பாள். அவர் தூங்கிய நேரம் அது. வியாழக்கிழமையும் இதே சங்கடம்தான். வகுப்பு முடிந்து கையில் இருந்த காகிதத்தையெல்லாம் எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியாமல், தப்பாகப் போட்டுத் திட்டு வாங்குவானேன் என்று தோல்பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போதும் கோப்பையை நசுக்கிப் பைக்குள் போட்டார்.

மணிமொழி பின்னாலேயே வந்தாள்.

"சார், எனக்கு இந்த வேல போனா வேற எடத்துலயும் எடுக்க மாட்டாங்க. பேரு கெட்டுப்பூடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுகூடப் பரவால்ல. அந்தப் பொண்ணு மொத நாளு மாத்திரை வாங்க வரப்ப, வெளிய தெரிஞ்சிடுமா அக்கான்னு கேட்டுச்சு. தெரியாது, நான் பொறுப்புன்னு சொன்னேன். ஆறு மாசம் ஒரு நாளு வுடாம வந்துச்சு. இப்ப நாந்தான் சொல்லிட்டேன்னு நெனச்சிகினு இருக்கும்."

சக்கரபாணி தோல்பையைத் தோளில் மாட்டினார். "நாலு மணிக்குள்ள புடிச்சிடுவேம்மா" என்றார். அவர் வாழ்க்கையில் நேரம் குறித்துக் கொடுத்த முதல் வாக்குறுதி அதுதான்.

டவுன்ஷிப் திரும்பி, பஜாரில் பிரிண்டர் உள்ள கடைகளை வரிசையாகப் பிடித்தார்கள். முதல் கடையில் கோடே இல்லை. இரண்டாவது கடையில் கோடு இருந்தது, ஆனால் வலது ஓரம். மூன்றாவது கடை ஜுல்பிகருடையது. பிரிண்டரைப் பழுது பார்ப்பவரும் அவர்தான்.

"கோடு விழற மெஷின் ஒண்ணு இருக்குங்க" என்றார் ஜுல்பிகர், தலையைச் சொறிந்து. "போன வருசமே டிரம் மாத்தச் சொன்னேன். எந்தக் கடைன்னுதான் ஞாபகம் வரல. நம்பர் கொடுங்க, வந்ததும் கூப்புடுறேன்."

விசிட்டிங் கார்டு தீர்ந்து நாலு மாதம் ஆகிறது. சக்கரபாணி வழக்கம்போல தோல்பையின் பக்க அறைக்குள் கையை விட்டு, அகப்பட்ட காகிதத்தை எடுத்தார். பழைய சேத்தியாத்தோப்பு பஸ் டிக்கெட். அதன் பின்பக்கம் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

ஆசிஃபா அந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜுல்பிகரையும் ஒருமுறை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "கடைக்குப் போலாம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

மணி மூன்று. பின்னறை நாற்காலியில் சக்கரபாணி சரிந்து உட்கார்ந்தார். தோற்றுவிட்டோம் என்று முறையாக எழுதிக் கொடுப்பதுதான் மரியாதை. அதையாவது நல்ல தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

"எழுதிக்க. 'விசாரணையில் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்பதை வருத்தத்துடன்.' நம்ம லெட்டர்ஹெட்லயே அடி."

ஆசிஃபா டைப் செய்தாள். பிரிண்டர் முனகிவிட்டு ஒரு தாளைத் துப்பியது. சக்கரபாணி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். இடது ஓரத்தில் அவருடைய பெருமைக்குரிய கோடு. நடுவே ஓரிடத்தில் அரை விரல் அகலம் அறுந்து.

பேனாவுக்குப் பதில் அதன் மூடியாலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகப் பழுப்பு கவரிலிருந்து இளவேனிலின் தாளை எடுத்து, விவரங்கள் தெரியாதபடி மடித்து, பக்கத்தில் வைத்தார். இரண்டு கோடும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன.

"ஆசிஃபா. இந்தக் கோடு டிசைன்தான?"

"டிசைனா? டிரம் போயி ஒரு வருஷமாச்சு. எத்தன கஸ்டமர் திட்டியிருக்காங்க, நீங்க மட்டும்தான் ஒண்ணும் சொல்லல. பெரிய மனசுன்னு நெனச்சேன்." அவள் இரண்டு தாளையும் பார்த்தாள். "காலையிலேயே அந்தக் கோட்டக் காட்டியிருந்தா, கருணாகரன் ரூம்லயே கேஸ் முடிஞ்சிருக்கும். நாலு மணி நேரம் என் பெட்ரோல்ல கொள்கையச் சுத்திக் காட்டினீங்க."

சக்கரபாணி, பிரௌசிங் பண்ண வருபவர்கள் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரை இழுத்துப் பிரித்தார். வியாழக்கிழமை. மாலை ஐந்து பத்து முதல் ஐந்து நாற்பது வரை, இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டர், பிரிண்ட் ஒன்று. பெயர் மருதாசலம். எதிரே போன் நம்பர்.

"நம்ம மருதாசலமா?" என்றார் சக்கரபாணி. குரல் கொஞ்சம் கம்மியது.

"எனக்குத் தெரிஞ்சவர்தான். அவரு பொண்ணு பயோடேட்டா நாந்தான் டைப் பண்ணேன். இருபத்தோராம் பிளாக்ல தூரத்துச் சொந்தம், அந்தப் பையனுக்குக் கொடுக்கணும்னு சொன்னாரு. அந்த எடத்துல வேற பொண்ணு முடிவாயிடுச்சுன்னு முகத்தத் தொங்கப் போட்டுகிட்டாரு." ஆசிஃபா ரிஜிஸ்டரை மூடினாள். "ஆனா அவருக்கு மணிமொழி பாஸ்வேர்டு எப்படிக் கெடச்சுது?"

கேட்டுவிடுவோம் என்று சக்கரபாணி நம்பரை அழுத்தினார். ஐந்து நாட்களாக அவர் காத்திருந்த குரல் மறுமுனையில் உற்சாகமாகக் கேட்டது.

"அட டிடெக்டிவ் சாரா. நானே சொல்லணும்னு இருந்தேன். விசாரணையெல்லாம் வேணாங்க, வேல முடிஞ்சுது. அந்தப் பொண்ணு ஆறு மாசமா அந்த ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியும், எதுக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு. நீங்க கொடுத்த சீட்டே போதுமா இருந்துச்சு."

"எந்த சீட்டு?"

"நம்பர் எழுதிக் கொடுத்தீங்களே. பின்னாடி அந்த நர்ஸம்மா பேரு, நம்பரு, பாஸ்வேர்டு, அடியில ஆஸ்பத்திரி வெப்சைட்டு எல்லாம் இருந்துச்சே. ஒம்போது மார்க்குன்னு வேற போட்டிருந்தீங்க. பார்ட்டிக்கு மொதல்ல ஒரு சாம்பிள் கொடுப்பீங்க போலன்னு நெனச்சேன். ரொம்ப நல்ல சர்வீஸுங்க."

சக்கரபாணி போனை வைத்தார். தோல்பையின் பக்க அறையைத் தலைகீழாகக் கொட்டினார். நசுங்கிய டீ கோப்பை, இரண்டு பஸ் டிக்கெட், மடித்த பயிற்சித்தாள்கள். ஆசிஃபா எண்ணினாள். இருபத்திரண்டு. மணிமொழியுடையது மட்டும் இல்லை.

அத்தனை நாளும் அவளுடைய கிண்டலுக்குப் பயந்தவர், அன்றைக்கு அவள் ஏதாவது கிண்டல் செய்ய மாட்டாளா என்று ஏங்கினார். அவள் செய்யவில்லை என்பதுதான் அவரை அதிகமாக வதைத்தது.

"சார்" என்றாள் கடைசியில். "மருதாசலம் பேர மட்டும் சொன்னாலும் கேஸ் முடிஞ்ச மாதிரிதான். உங்க ஆர்டரும் வந்துடும்."

"அவனுக்கு யார் கொடுத்ததுன்னு கேப்பாங்க. மணிமொழி நான் இல்லன்னு சொல்லுவா. யாரு நம்புவா? ஒம்போது மார்க் இருக்கே." எழுந்து, தோல்பைக்குள் இருபத்திரண்டு தாளையும் அடுக்கினார். "வண்டிய எடும்மா."

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தார்கள். கருணாகரன், வீரம்மாள் சிஸ்டர், ஒரு டாக்டர். ஓரத்தில் மணிமொழி. மேஜைமேல் இரண்டு காகிதங்கள் தயாராக இருந்தன. ஒன்று அவளுடைய வேலை நீக்கம், இன்னொன்று சக்கரபாணியின் வருடாந்திர ஆர்டர். இரண்டிலும் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"ஆள் கெடச்சானா சார்?" என்றார் கருணாகரன்.

"ரெண்டு பேருங்க. திருடினவன் பேரு மருதாசலம். ஆசிஃபா கடை ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு, போன்ல அவனே ஒத்துகிட்டான். சாவிய அவன் கையில கொடுத்தவன் இன்னொருத்தன்." சக்கரபாணி இருபத்திரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்தார். "பாஸ்வேர்ட யாருக்கும் காட்டக் கூடாதுன்னு வகுப்பு எடுத்துட்டு, எல்லார்கிட்டயும் எழுதி வாங்கினது நான். எந்தக் குப்பத்தொட்டின்னு தெரியாம பையில வச்சிருந்தது நான். விசிட்டிங் கார்டு இல்லன்னு இந்தப் பொண்ணோட சீட்டுல நம்பர் எழுதி, அத அவன்கிட்ட கொடுத்ததும் நான். மணிமொழி தப்பு பண்ணல. எங்கிட்ட எழுதிக் கொடுத்தது ஒண்ணுதான் அவ பண்ண தப்பு. அது நான் சொல்லி நடந்தது."

கருணாகரன் இரண்டு காகிதங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கிழித்தார். வீரம்மாள் சிஸ்டர் எழுந்து, துண்டுகளை அவர் கையிலிருந்து வாங்கி, சரியான தொட்டியில் போட்டாள்.

வராந்தாவில் மணிமொழி நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"எம் வேல தப்பிச்சிடுச்சு சார். ரொம்ப நன்றி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் வார்த்த போயிடுச்சே. அத யாரு சேத்து வெப்பாங்க?"

சக்கரபாணி முப்பது வருடம் உள்ளே வருவோர் போவோரையெல்லாம் நிறுத்திப் பாஸ் கேட்டவர். தன் கையிலிருந்து எது வெளியே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"டூட்டி எப்ப முடியுது?" என்று கேட்டார்.

"ஆறுக்கு."

"வளையமாதேவிக்கு என்னையும் கூட்டிகினு போ. அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்றேன், வெளிய விட்டது நீயில்ல, நான்தான்னு. அவ செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

மணிமொழி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்து வார்டுக்குள் போனாள்.

ஆறு மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டுமே. வீரம்மாள் சிஸ்டர் சும்மா விடவில்லை, சம்பவ அறிக்கை என்ற படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன நடந்தது, யாரால் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும். சக்கரபாணி முதல் கட்டத்தை நிரப்பினார். இரண்டாவது கட்டத்தில் தன் பெயரை, இனிஷியலோடு, முழுதாக எழுதினார். எட்டு வழக்கிலும் குற்றவாளி என்று ஒரு பெயரை அவர் எழுதியதில்லை. ஒன்பதாவது வழக்கில்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது. மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"என்னம்மா எழுதறது?"

ஆசிஃபா அவர் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். இந்த முறை அவர் தாளை மூடவில்லை.

"விசிட்டிங் கார்டு அடிக்கவும்னு எழுதுங்க சார்" என்றாள். "கோடு இல்லாம."